தணிக்கை மென்பொருளை நிறுவினால் போதுமா?

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



அரசு அலுவலகத்தில் பணியாற்றுவோருக்குத் தணிக்கை என்னும் சொல் புதிதன்று. தணிக்கைக் குழு வருகிறது, பதிவேடுகளைப் புரட்டுகிறது, தடைகளை எழுதி வைத்துவிட்டுப் போகிறது. அவற்றுக்கு விடையளித்து நீக்குவது அலுவலகத்தின் கடமை. வலைப்பின்னல் பாதுகாப்புத் தணிக்கை மென்பொருளும் இத்தகைய ஒரு தணிக்கையாளரே. அதனைச் சர்வரில் நிறுவுவது ஓரிரு நாள் வேலை. அது எழுப்பும் தடைகளை நீக்கப்போவது யார் என்பதே கேள்வி.

1998-ஆம் ஆண்டில் ரெனோ தெரேசோன் என்னும் பிரெஞ்சு இளைஞர் 'நெஸ்ஸஸ்' என்ற மென்பொருளை எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். 2005-இல் அதன் மூலநிரல் பொதுமக்களுக்கு மூடப்பட்டபோது, பழைய நிரலிலிருந்து கிளைத்ததே 'ஓப்பன்வாஸ்'. வலைப்பின்னலிலுள்ள கணிப்பொறி ஒவ்வொன்றின் வாயில்களையும் இது தட்டிப் பார்க்கிறது. உள்ளிருந்து விடையளிக்கும் மென்பொருள் எது, எந்தப் பதிப்பு என்பதை அறிந்து, தன்னிடமுள்ள குறைபாட்டுப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. குறையின் கடுமைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் இடுகிறது.

இதற்கென்று தனிச் சர்வர் ஒன்றை ஒதுக்குதல் நலம். 8 ஜி.பி. நினைவகமும் 60 ஜி.பி. வட்டு இடமும் இருந்தால் தடையின்றி இயங்கும். முதன்முறை குறைபாட்டுப் பட்டியல் வந்து சேர்வதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை பொறுமையின்றிச் சோதித்தவர்கள், குறையே இல்லை என்ற அறிக்கையைப் பெற்று மகிழ்ந்ததுண்டு!

பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். நான் கண்ட ஓர் அலுவலகத்தில் இணையத் தடுப்புச் சுவரின் விதி ஒன்று மாற்றப்பட்டதால் பட்டியல் வருவது நின்றுபோயிற்று. மாதக்கணக்கில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. கோப்பிலோ 'நிறுவப்பட்டது' என்ற குறிப்பு இருந்தது. அறிக்கைகளும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. பழைய பட்டியலுக்குப் புதிய குறை தெரியாது.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸின் கடுமையான குறை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று 'வானாக்ரை' அதே குறையின் வழியே சுமார் 150 நாடுகளில் பரவிற்று. இடையில் ஏறத்தாழ 2 மாதங்கள் இருந்தன. குறை இன்னதென்று தெரிந்திருந்தது. மருந்தும் கையில் இருந்தது. திருத்தத்தை இடாத கணிப்பொறிகளே வீழ்ந்தன.

உள்நுழையும் கடவுச்சொல்லைக் கொடுத்தால் மென்பொருள் இன்னும் ஆழமாகச் சோதிக்கும். ஆனால் அப்போது எல்லா அறைகளின் சாவிக்கொத்தும் ஒரே இடத்தில் சேர்கிறது. ஆகவே அந்தச் சர்வரை இணையத்திலிருந்து அணுக இயலாதவாறு வைத்து, அறிக்கையைக் காணும் உரிமையைச் சிலருக்கு மட்டுமே அளிக்க வேண்டும். பழைய அச்சுப்பொறிகள் இச்சோதனையைத் தாங்காமல் நின்றுவிடுவதுண்டு. வேலை நேரத்தில் சோதித்து வசவு வாங்க வேண்டாம். எழுத்து மூலமான ஆணையின்றித் தொடங்கவும் வேண்டாம். உரிமையாளரின் அனுமதியின்றி முறைகேடாகப் பிறர் கணிப்பொறியில் நுழைவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரியது.

சர்வரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவுகளைப் பல நாட்கள் கையால் எழுத நேர்ந்தது. வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. எனவே எழுத்தர் அறையின் வலைப்பின்னலில் நின்றும் ஒருமுறை சோதியுங்கள். அங்கிருந்து தரவுச் சர்வரைத் தொட முடிந்தால், அதுவே முதல் தணிக்கைத் தடை.

முதல் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரலாம், மலைக்க வேண்டாம். வெளியிலிருந்து அணுகத்தக்க கணிப்பொறிகளின் கடுங்குறைகளை முதலில் எடுங்கள். சில குறைகள் பொய்யானவை. நேரில் பார்த்தே தள்ளுபடி செய்ய வேண்டும். குறை, கணிப்பொறி, பொறுப்பலுவலர், கெடு நாள் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதுங்கள். மறுசோதனையில் குறை தோன்றாதபோதுதான் அப்பதிவை முடிக்கலாம். 'சரி செய்யப்பட்டது' என்ற கடிதம் போதாது. அலுவலர் மாற்றலாகிச் செல்லும்போது, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை நாற்காலிகளோடு இந்தப் பதிவேடும், நிலுவைத் தடைகளின் எண்ணிக்கையும், மென்பொருளின் கடவுச்சொல் மாற்றப்பட்ட நாளும் இடம்பெறட்டும்.