மடிப்பு வேறு, கசங்கல் வேறு



நந்தனத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஓர் இஸ்திரி வண்டி. கரி போட்டு விசிறிய பெட்டி போய், இப்போது கேஸ் பெட்டி வந்துவிட்டது. பெட்டியைப் பிடிக்கும் கை மட்டும் மாறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக நாங்கள் இரவு ரயிலில் டெல்லி கிளம்ப வேண்டியிருந்தது. என் கணவரின் எட்டு முழ வேட்டி, சட்டை, என்னுடைய பருத்திப் புடவை, எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் வண்டிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். தேய்த்து முடித்தவர் துணியை என் கையில் தரவில்லை. வண்டியின் ஓரத்தில் பரப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

"நேரமாகுது அண்ணே, மடிச்சுக் குடுங்க" என்றேன்.

"ஆறட்டும்மா. சூட்டோட வெச்சா ஊருக்குப் போற பெட்டி சொல்றபடிதான் துணி கேக்கும்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குள், பயணத்துக்குத் துணி அடுக்குகிற ஒரு கலையே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பருத்தி இழை செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரமும் சூடும் பட்டால் அந்தப் பிடி தளர்கிறது. துணி உலர்ந்து ஆறும்போது எந்த உருவத்தில் கிடக்கிறதோ, அந்த உருவத்திலேயே பிடி மறுபடி இறுகுகிறது. இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளிப்பது பிடியைத் தளர்த்த; ஆற விடுவது அதை இறுக்க. ஆறாத துணியைப் பயணப் பெட்டியில் அமுக்கினால், பெட்டிக்குள் அது எப்படி நெரிகிறதோ அதுவே அதன் உருவமாகிவிடும். கடற்கரை ஊரான சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நூறு கிராம் உலர்ந்த பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம், கம்பளி 16 கிராம் வரை வாங்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. ஒரு காலத்தில் பாலியெஸ்டரான டெரிலின் சட்டைக்கு இருந்த மவுசுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதை எப்படி வைத்தாலும் கசங்காமல் வரும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

நம் மொழியில் மடிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. கசங்கல் என்று வேறொரு சொல் இருக்கிறது. மடிப்பு என்பது நாம் நினைத்து வைத்த கோடு. கசங்கல் நம்மைக் கேளாமல் வந்து விழுந்த கோடு. கோட்டு சூட்டுக்கு, கால்சட்டையின் முன்கோட்டைத் தவிர வேறெந்தக் கோடும் ஆகாது. நம் வேட்டிக்கு அப்படியில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்து நான்காக, எட்டாக மடித்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வரும்போது, குறுக்கும் நெடுக்கும் தெரிகிற அந்த நேர்க்கோடுகள்தான் அவர் புதிதாக உடுத்தி வந்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. மடிப்புக் கலையாத வேட்டி என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு மரியாதை வருகிறதே, அது அந்தக் கோடுகளுக்குத்தான். புதுப் புடவையைக் கடையின் மடிப்போடு கட்டிக்கொள்வதும் அப்படியே. ஆகவே பயணப் பெட்டியில் நம் உடையை அடுக்கும்போது நாம் செய்ய வேண்டியது, மடிப்பைக் காப்பாற்றிக் கசங்கலைத் தடுப்பது. கோட்டு சூட்டுக்காக எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே நம் உடைக்குப் போட்டுப் பார்ப்பதால்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது.

வேட்டி முறையான உடைதானா என்ற கேள்வி இந்த ஊரில் சட்டசபை வரை போயிருக்கிறது. 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டிலேயே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதை நீக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது. கேள்வி அத்தோடு முடிந்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன், 1966-இல், காமராஜர் சோவியத் நாட்டுக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் வேட்டி சட்டையிலேயே போய்வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். பட்டும் வேட்டியும் கடல் கடந்து, பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தப்பட்டு, உலகத்தின் முன்னால் நின்றிருக்கின்றன. பெட்டி அடுக்கிய கைகளின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

  எங்கள் நந்தனம் அரசு அதிகாரிகளின் குடியிருப்புகள் உள்ள பகுதி என்பதால் டெல்லிப் பயணம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. என் அப்பாவும் அப்படிப் போய்வந்தவர்தான். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. அவருடைய டிரங்குப் பெட்டியை அம்மா அடுக்குவதைச் சிறுமியாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடியில் கனமானவை. அவற்றின்மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து, நான்கு முனையும் பெட்டிக்கு வெளியே தொங்க விடுவாள். உள்ளே தேய்த்த துணிகளை அடுக்கி முடித்ததும் அந்த நான்கு முனைகளையும் மேலே இழுத்து இறுக்கி மூடுவாள். பெட்டிக்குள் ஒரு மூட்டை.  தேய்த்த துணிகளைப் படுக்கை விரிப்பில் கட்டி, சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுவந்த சலவைத் தொழிலாளர்கள் இதைத் தலைமுறைகளாகச் செய்திருக்கிறார்கள். சைக்கிள் எவ்வளவு குலுங்கினாலும் சட்டை நலுங்காமல் வரும். காரணம் எளியது: துணி மடிவதால் கசங்குவதில்லை, இடம் பெயர்ந்து நெரிவதால் கசங்குகிறது. பாதி காலியான பெட்டியில்தான் துணி அதிகம் கசங்கும். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் 7 கிலோ பெட்டியில் இடம் மீந்தால், மூலைகளில் துண்டையும் காலுறையையும் திணித்து அசைவை நிறுத்த வேண்டும்.

துணியைச் சுருட்டி வைப்பது இப்போது பரவியிருக்கும் வழக்கம். பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் அது பொருத்தம். கஞ்சி போட்ட வேட்டியைச் சுருட்டவே கூடாது. கஞ்சி என்பது கோட்டை எழுதி வைக்கிற மை போன்றது. நல்ல கோட்டையும் எழுதும், கெட்ட கோட்டையும் எழுதும். ஊர் போய்ச் சேர்ந்ததும் சிலர் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் துணியைத் தொங்க விடுகிறார்கள். கம்பளிக் கோட்டுக்கு அது நிஜமாகவே உதவும். கம்பளி இழையின் இயல்பான சுருள், ஈரம் பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கஞ்சித் துணியை அங்கே தொங்க விட்டால் மொடமொடப்புப் போய்த் துவண்டுவிடும்.

பட்டுக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துப் பட்டின் அசல் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. நூல் வளைந்தால் நிமிரும். உலோகம் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வளைந்தால் ஒடியும். பழைய புடவைகள் சரியாக மடிப்பு விழுந்த கோட்டிலேயே விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். என் பாட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பீரோவைத் திறந்து, மடிப்பு மாத்தி வை என்பாள். சாஸ்திரம் போல அதைச் செய்வோம். பயணத்துக்கும் அதே நியாயம். ஜரிகையை உட்புறமாக வைத்து, மடிப்பு திரும்புகிற இடத்தில் ஒரு மெல்லிய துண்டைச் சுருட்டி உள்ளே கொடுங்கள். வளைவு கூர்மையாகாமல் உருண்டு நிற்கும். மல் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தேங்கினால் வெள்ளி கறுக்கும். அந்துருண்டையை ஜரிகைமேல் படும்படி போடாதீர்கள்.

இந்தக் கலையின் உச்சத்தை நான் பார்த்தது மேடைக் கலைஞர்களிடம். என் மகள் பரதம் கற்றுக்கொண்ட காலத்தில், நிகழ்ச்சி முடிந்ததும் பாராட்டுக் கேட்க நிற்காமல் உடையை அவிழ்த்து மின்விசிறிக் காற்றில் தொங்க விடுவாள். வியர்வை உலராமல் மடித்தால் பட்டு கெட்டுவிடும். உலர்ந்தபின், முன்னால் விரிகிற விசிறியின் மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சீட்டுக்கட்டை மூடுவது போல மூடி, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என நாடாவால் கட்டுவாள். இறுக்கிக் கட்டினால் நாடாவின் தடம் விழும். தளர்ந்தால் மடிப்பு நழுவும். அந்த நடு அளவை விரல்தான் அறியும். அரங்கேற்றத்துக்கு முன்பே அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார் அவளுடைய ஆசிரியை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்துவருகிறது. மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் கலைஞர்கள் அங்கே போகிறார்கள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போய், நாடாவை அவிழ்த்ததும் விசிறி விரிய வேண்டும். பாடகரின் அங்கவஸ்திரமும் அப்படித்தான். நீளவாக்கில் நெருங்கி விழுந்த விசிறி மடிப்பு, ஒரு முறை குலைந்தால் ஊருக்கு வந்துதான் சரியாகும். அதை இரண்டாக மட்டும் மடித்துப் பெட்டியின் உச்சியில் வைப்பார்கள். மேலே எதுவும் ஏற்ற மாட்டார்கள்.

கோட்டு கொண்டுபோக வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்தால் வழுவழுப்பான லைனிங் வெளியே வரும். வழுக்குகிற துணி நெரியாது. நடுவில் ஒரு மென்மையான துணியை வைத்து ஒரே மடிப்பு. அது போதும்.

கசங்காத சட்டை வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கலை என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க வேதியியலாளர் ரூத் பெனரிட்டோ, பருத்தியின் சங்கிலிகளுக்கு இடையே வேதியியல் பாலம் போட்டுக் கசங்காத பருத்தியை உருவாக்குவதில் பெரும் பங்காற்றியவர். அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அலுவலகச் சட்டைக்கு அது பெரிய உதவி. ஆனால் பட்டுக்கும் வேட்டிக்கும் இன்னும் கைதான் வேண்டும். சென்னையில் இன்று அந்தக் கைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. மணப்பெண்ணின் கூறைப் புடவைக்கு முன்கூட்டியே கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, கிளிப் போட்டு, மேலே ஒரு துணி விரித்துத் தேய்த்து, பெட்டிக்கு ஏற்றபடி மடித்துக் கொடுக்கிற பெண்கள் பேட்டைக்குப் பேட்டை தொழில் செய்கிறார்கள். மண்டபத்தில் திறந்தால் பத்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. கொசுவம் இடுப்பில் எடுக்க வேண்டியது என்றே வளர்ந்தவள் நான். வேலையை அருகிலிருந்து பார்த்தபின் மனம் மாறிவிட்டது. ஆறு கஜப் பட்டில் ஒரு கொசுவம்கூடப் பிசகாமல் பெட்டிக்குள் அடக்குவது தேர்ந்த தொழில். அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.

இத்தகைய கைகளின் பெயரிலேயே இந்த ஊரில் ஒரு பேட்டை உண்டு: வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களின் பெயரால் அமைந்த பேட்டை. அங்கே ஏறினால் நந்தனம் வழியாக ஒரே மெட்ரோவில் விமான நிலையம் போய்விடலாம்.  காலையில் அந்த ரயிலில் பெட்டியோடு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நேற்று மாலையே துணியை வாங்கி ஆற வைத்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

பயணம் இருந்தால் இஸ்திரித் துணியை முதல் நாளே வாங்கி, ஓர் இரவு விரித்துப் போட்டுவிட்டு அடுக்குங்கள். பயணம் இல்லாதவர்கள், இந்த உரை முடிந்ததும் எழுந்து பீரோவைத் திறந்து, உள்ளே இருக்கும் பட்டுப் புடவையின் மடிப்பை மாற்றி வையுங்கள்.