வலிப்பும் வகுப்பறையும்

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் சேர்மாரோடும் டீச்சர்மாரோடும்தான் இன்று பேச்சு. பெற்றோரும் கூட இருந்து கேளுங்கள்.

லயத்தில் ஒரு பிள்ளை விழுந்து கைகால் இழுத்தால் முதலில் பிள்ளையின் கைக்கு வருவது சாவிக்கொத்து. பிறகு 'முனி அடித்துவிட்டது' என்ற பேச்சு, பூசாரி, தாயத்து. படிக்க வாய்ப்பில்லாதவர்கள் அப்படி நம்புவதை விளங்கிக்கொள்ளலாம். ஆசிரியர் அறையிலும் அதே சாவிக்கொத்தைத் தேடினால் என்ன செய்வது? நுரை பட்டால் தொற்றும் என்று பிள்ளையைத் தனி வாங்கில் உட்காரவைப்பது அதைவிடக் கொடுமை. வலிப்பு தொற்றாது. மூளையின் மின்னோட்டம் சிறிது நேரம் தாறுமாறாவதால் வருவது அது.

சாவிக்கொத்தோ வேறு இரும்போ வேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ திணிக்க வேண்டாம், கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். வாங்கு மேசைகளை விலக்கி, தலைக்கடியில் ஒரு பையை வைத்து, இழுப்பு அடங்கியதும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலும், முதல்முறை வந்த வலிப்பென்றாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

விழுந்து இழுப்பது எல்லோர் கண்ணிலும் படும். படாதது இன்னொன்று. பாடம் நடக்கும்போதே ஒரு பிள்ளை சில விநாடி வெறித்துப் பார்க்கும், கூப்பிட்டால் திரும்பாது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும். ஒரு நாளில் பல தடவை இப்படி நடக்கலாம். 'கனவு காண்கிறாயா?' என்று அந்தப் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழுகிறது. அதுவும் வலிப்பில் ஒரு வகை. விடியலிலேயே கொழுந்துக்கும் பால் வெட்டுக்கும் போய்விடும் தாய் தகப்பன் இதைக் காண்பது அரிது. பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் ஆசிரியர்தான்.

சரியான சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனாலும் இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கிளினிக் போகும் நாளில் தாய்க்குப் பேர் விழாது. ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் மருந்து இடையில் நிற்கிறது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம். கிளினிக் நாளில் வராத பிள்ளையை மறுநாள் ஏசாதீர்கள். சில மருந்துகள் தூக்கம் தரும். மேசையில் தலை சாய்த்தால் சோம்பேறி என்றும் சொல்லாதீர்கள். விளையாட்டுப் போட்டியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தனியே இறங்குவதும் மரம் ஏறுவதும்தான் ஆகாது.

ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். கிளினிக்கில் டாக்டர் கேட்கும் கேள்விக்கு, சிங்களம் சரளமாக வராத தாய் பாதிப் பதிலோடு நிற்கிறாள். எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று நீங்கள் கண்டதை ஒரு தாளில், முடிந்தால் சிங்களத்தில், எழுதி அவள் கையில் கொடுங்கள். அடுத்த கிளினிக் தேதியை இன்றைக்கே கேட்டுவையுங்கள்.