கணியன் தந்த நா. கோவிந்தசாமி: நினைவுரை



திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் கணினிமுன் பணியாற்றும் பிள்ளைகள் பலர் இங்கு வந்துள்ளனர். வீட்டாருக்குத் தமிழில் செய்தி விடுக்கும்போது, எழுத்துகள் சிதையாமல் போய்ச் சேருமா என்று அவர்கள் ஐயுறுவதில்லை. அவ்வையம் பெரிதாயிருந்த காலத்தில் உழைத்தவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி.

அவர் தொழிலால் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். தமிழாசிரியருக்குக் கணினி எதற்கு என்று வினவுவார் இன்றும் உளர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாய் நின்றது அவர் முயற்சியால். தாம் ஆக்கிய மென்பொருளுக்குக் ‘கணியன்’ என்னும் பழஞ்சொல்லையே பெயராக்கினார்.

அந்நாளில் ஒருவர் தட்டச்சிட்டது மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் முறையையே பற்றி நின்றனர். கோவிந்தசாமியும் அவ்வாறு ஒரு முறை கண்டவரே. ஆயினும் 1997 மே திங்களில் பல நாட்டு வல்லுநரையும் சிங்கப்பூருக்கு அழைத்து, ஓரவையில் அமர்ந்து பேசச் செய்தார். மென்பொருள் ஆக்கியதினும் இதுவே அரிய செயல்.

அப்பேச்சு 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தொடர்ந்தது. விசைப்பலகைக்குப் பொது ஒழுங்கு பிறந்தது. அவ்வாண்டு மே 26ஆம் நாள் அவர் திடீரென மறைந்தார். அகவை 53. மாணவரும் இளம் எழுத்தாளரும் ஆசானை இழந்தனர்.

2000ஆம் ஆண்டு மாநாடு மீண்டும் சிங்கப்பூரிலேயே கூடியது. தமிழ்க் கணிமைக்கென ‘உத்தமம்’ என்னும் உலக அமைப்பு அங்கே உருப்பெற்றது. அப்போது அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது.