முகமலர்ந்த காணிக்கை

(பொன்விழா ஆயத்த நாள் மாலைக் கூட்டத்தில், நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் சார்பில் நிகழ்த்திய உரை)



காணிக்கை என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மில் சிலர் சட்டைப் பையைத் தடவுவதும், சிலர் வாசற்கதவைப் பார்ப்பதும் உண்டு. பொன்விழா ஆண்டில் இது சற்று அதிகம். பயப்பட வேண்டாம், இன்று எங்கள் கையில் ரசீதுப் புத்தகம் இல்லை.

புனித சின்னப்பரும் வசூல் நடத்தியவர்தாம். யெருசலேமில் ஏழ்மையில் வாடிய விசுவாசிகளுக்காகக் கலாத்தியா, மக்கெதோனியா, அக்காயா நாட்டுச் சபைகளில் அவர் நிதி திரட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8, 9 அதிகாரங்கள் இந்த வசூலைப் பற்றியவையே. கொரிந்து, இரு துறைமுகங்களுக்கு இடையே செழித்திருந்த வாணிப நகரம். ஓராண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்ட காரியம் அங்கே முடியாமல் நின்றது. மக்கெதோனியரோ கொடிய வறுமையில் இருந்தவர்கள். அவர்கள் தங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று வருந்திக் கேட்டு, சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். இதை எடுத்துச் சொல்லிக் கொரிந்தியரைச் சின்னப்பர் கொஞ்சம் உசுப்பிவிடுகிறார். பக்கத்து ஊர்க்காரர் கொடுத்ததைச் சொல்லி வசூலிக்கும் கலை நம் விழாக் குழுவினர் கண்டுபிடித்ததன்று!

ஆனால் ஓர் எல்லையில் அவர் நின்றுவிடுகிறார். இது கட்டளையன்று என்கிறார். தொகை எதுவும் குறிக்கவில்லை. அவரவர் மனத்தில் தீர்மானித்தபடி, வருத்தமோ வற்புறுத்தலோ இன்றித் தரட்டும் என்கிறார். முகமலர்ந்து கொடுப்பவர்மேல் இறைவன் அன்புகொள்கிறார் என்று அவர் எழுதுவது அந்த இடத்தில்தான். ஆக, முகமலர்ச்சி என்பது உண்டியல் முன் சிரித்துக்கொண்டு நிற்பதன்று. 'இயலாது' என்று சொல்ல இடமிருக்கும்போதுதான் 'இதோ' என்பதில் மலர்ச்சி இருக்கும். கணக்கிலும் அவர் கண்டிப்பானவர். யாரும் குறைசொல்லக் கூடாதென்று, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் இப்பணியில் உடன் சேர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் நாங்கள் படித்திருந்தோம், நடப்பில் மறந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் கோவில் கூரை வேலைக்கு நிதி சேர்த்தபோது, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எழுதி முகப்பில் ஒரு பலகை வைத்தோம். பெரிய தொகைகள் மேலே, சிறியவை கீழே. வசூல் நன்றாகத்தான் ஏறிற்று. ஆனால் நாங்கள் வாராவாரம் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு விதவைத் தாய் ஞாயிறு பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். உடல்நலம் இல்லையோ என்று விசாரிக்கப் போனோம்.

"அந்தப் பலகையைத் தாண்டித்தானே ஐயா உள்ளே வரணும்" என்றார்.

முந்தானை முடிச்சில் பத்து ரூபாய் வைத்திருந்தாராம். அதைப் பலகையில் எழுதச் சொல்ல வெட்கமாயிருந்ததாம். இரண்டு செப்புக்காசு போட்ட விதவையை நம் ஆண்டவர் கண்டுகொண்டாரே, அன்று யெருசலேம் ஆலயத்தில் எங்கள் பலகை இருந்திருந்தால் அவளும் வாசலோடு திரும்பியிருப்பாள். மறுநாளே பலகையைக் கழற்றினோம். அந்தத் தாய் திரும்பி வர நாலைந்து வாரம் ஆயிற்று.

எங்கள் சபையின் வழக்கமே இதற்கு நேர்மாறானது. அதுதான் எங்களுக்குக் கூடுதல் வெட்கம். 1833-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில், பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கிய சபை இது. ஏழைகளின் வீடுகளுக்கு அவர்களை வழிகாட்டி அனுப்பியவர் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஓசானாமை 1997-லும் ரோசலியை 2003-லும் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். இச்சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இரகசியப் பை என்றே அதற்குப் பெயர்.

இன்று இங்கே அந்தப் பைதான் வரும். சென்ற மழையில் சுவர் இடிந்த இரு வீடுகளுக்கு இந்தப் பணம் போகும். எல்லாரும் கையை மூடியபடியே உள்ளே விடுங்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்களும் அப்படியே விட்டு எடுக்கலாம். எண்ணுவதற்கு மூவர் இருக்கிறார்கள். மொத்தத் தொகை மட்டும் ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும்.