ஊதாவும் இளஞ்சிவப்பும்
1884-ஆம் ஆண்டு பெர்லினில், நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாக்களைத் தெளிவாகக் காண முயன்ற டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசலில் நனைத்து, ஆல்கஹாலால் கழுவியபோது, சில பாக்டீரியாக்கள் மட்டும் சாயத்தை இழக்காமல் நின்றதைக் கண்டார். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பின்னிய பெப்டிடோகிளைக்கான் என்னும் வலை அவற்றின் செல்சுவரில் பல அடுக்குகளாகத் தடித்திருப்பதால் சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது; அவ்வலை மெலிந்து, மேலே கொழுப்புப் படலம் போர்த்திய ஈ. கோலை போன்றவையோ ஊதாவை விட்டுவிட்டு, பின்னர் ஏற்றப்படும் சாஃப்ரனின் சாயத்தால் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. ஆல்கஹால் சில விநாடிகள் கூடினாலும் ஊதா வழிந்தோடி முடிவே தவறிவிடும் என்பதால், மிகுந்த கவனம் வேண்டிய கட்டம் இதுவே. தம் முறை குறையுடையது என்றே கிராம் அடக்கத்தோடு எழுதினார்; இன்றும் மருத்துவ ஆய்வகங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகின்றன.