வீடும் சந்தோஷமும்



காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் மாளிகைகளைப் பார்க்கிறோம். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடித் தொழிலாளி கையால் வார்த்த தரைக்கல். பர்மாவில் நெல் விளைத்தவன் கட்டிய வட்டியும் அந்தச் சுவரில் இருக்கிறது. 1948-ல் அங்கே நிலத்தைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் வந்தது. இன்று பல மாளிகைகளில் பூட்டுத் தொங்குகிறது. கல்யாணம், காரியத்துக்குத்தான் கதவு திறக்கிறது.

கல்லும் மரமும் மட்டும் சந்தோஷம் தராது. அதற்காக, "குடிசையே போதும்" என்று உபதேசிப்பவனை நம்பலாமா? இரவு ஷிப்டு முடிந்து வந்தவன் ஒழுகும் கூரையின் கீழ் எப்படித் தூங்குவான்? பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

மாளிகைக் கூரைமேல் விழும் மழையும் ஊருணிக்கு வரும்படிதான் இவ்வூர்களை அமைத்தார்கள். அந்த ஊருணிக் கரையில்தான் மாலையில் நாம் சிரித்துப் பேசுகிறோம். அதைத் தூர்க்க விடோம்! மனைப்பட்டா, ஒழுகாத கூரை, சாதி பாராத தண்ணீர்: இவற்றைச் சேர்ந்து நின்று கேட்போம்!