மழைக்காலமும் மோட்டார் சைக்கிளும்



தாராபுரத்தில் வாடகை வீடொன்றில் வசிக்கிறேன். வண்டி நிறுத்தக் கொட்டகை இல்லை. என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய புல்லட் முற்றத்து வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவிலுள்ள எங்கள் ஊருக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே. ஓராண்டு ஐப்பசியில் வெளியூர் செல்ல நேர்ந்தபோது, வண்டியைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றிக் கட்டிச் சென்றேன். தை பிறந்ததும் அவிழ்த்துப் பார்த்தால், சங்கிலியெங்கும் துரு!

மழை புகாத இடத்தில் துரு எவ்வாறு புகுந்தது? தரையின் ஈரம் ஆவியாகி எழுந்து, வெளியேற வழியின்றி, இரவுக் குளிரில் இரும்பின்மீது நீராய்ப் படிந்தது. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துருவன்றோ?

அடுத்த ஆண்டு, கற்களின்மேல் பலகையிட்டு வண்டியை நிறுத்தினேன். சங்கிலிக்கு எண்ணெய் பூசினேன். உள்ளே ஈரக்காற்றுக்கு இடமின்றிப் பெட்ரோல் தொட்டியை நிரப்பினேன். பாட்டரியைக் கழற்றி வீட்டினுள் வைத்தேன். நான்கு கழிகள் நட்டுத் தார்ப்பாயைக் கூரையாக உயர்த்திக் கட்டினேன். தையில் இரண்டாம் உதையிலேயே வண்டி முழங்கியது. தந்தையாரின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது.

மூடி வைப்பது மட்டும் காப்பதாகாது, காற்றோட்டமும் வேண்டும். உங்கள் சைக்கிளுக்கும் இதுவே விதி.